பிள்ளைக்குக் கார் சீட்: டர்பன் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில், சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் கோவில் மண்டபத்துக்குப் பின்னால் கார்கள் நிற்கும் இடத்தில் யாராவது என் கையைப் பிடித்து இழுப்பார்கள். "அக்கா, இது சரியாத்தான் மாட்டியிருக்கா, கொஞ்சம் பாருங்க." நான் மெக்கானிக் இல்லை, டாக்டரும் இல்லை. இரண்டு பிள்ளைகளுக்குத் தப்பும் தவறுமாகச் சீட் மாட்டிப் பழகியவள், அவ்வளவுதான். இதுவரை நான் எட்டிப் பார்த்த கார்களில் சீட்டே மட்டமாக இருந்தது அரிது. நல்ல சீட்டைத் தொளதொளவென்று மாட்டியிருந்ததுதான் அதிகம். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

மடியில் வைத்துக்கொண்டால் போதாதா? எங்கள் ஆயா (பாட்டி) எங்களையெல்லாம் மடியில் வைத்துத்தானே கொண்டுபோனார்?

எங்கள் ஆயாவும் அப்படித்தான். அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், அந்த அடி சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மூன்று மாடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நொடியில் பிள்ளையின் எடை 30 மடங்கு வரை கூடினதுபோல் இழுக்கும். 9 கிலோ பிள்ளை 270 கிலோவாக இழுக்கும்போது எந்தக் கை தாங்கும்? இதில் அன்புக்கோ பலத்துக்கோ வேலையே இல்லை.

மடியில் வைத்துக்கொண்டு தன் பெல்ட்டையே பிள்ளையையும் சேர்த்துச் சுற்றிப் போட்டுக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது இன்னும் மோசம். மோதும்போது பெரியவரின் முழு எடையும் பின்னாலிருந்து பிள்ளையைப் பெல்ட்டில் வைத்து நசுக்கும்.

தென்னாப்பிரிக்காவில் சட்டம் என்ன சொல்கிறது?

2015 மே மாதத்திலிருந்து மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை காரில் போனால் அதற்கேற்ற சீட்டில்தான் உட்கார வேண்டும். தேசியச் சாலைப் போக்குவரத்து விதிகளில் 213-ஆம் விதி. வாடகைக்கு ஓடும் மினிபஸ், மிடிபஸ், பஸ் ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. மூன்று வயது முதல் 14 வயது வரை, உயரம் ஒன்றரை மீட்டரைத் தாண்டாத பிள்ளைக்கு, சீட் இருந்தால் சீட், இல்லாவிட்டால் கார் பெல்ட்டாவது போட்டிருக்க வேண்டும்.

ஆப்பில் கூப்பிடும் சாதாரணக் கார் இந்த விலக்கில் வராது என்பதைக் கவனியுங்கள். ஓட்டுநர் சீட் கொண்டுவருவார் என்று நம்பி வாசலில் நிற்காதீர்கள். உங்கள் சீட்டைக் கையில் வைத்திருங்கள். மினிபஸ் டாக்ஸிக்குச் சட்டம் விலக்குக் கொடுத்திருக்கலாம், மோதலின் கணக்கு விலக்குக் கொடுக்காது. வேறு வழியில்லாமல் டாக்ஸியில் போகிறவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போகத்தான் வேண்டும் என்றால் முன்வரிசையைத் தவிருங்கள்.

கடையில் ஏகப்பட்ட வகை இருக்கிறதே, எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் சீட்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். ஆரஞ்சு நிற ஒட்டுத்தாள் இருக்கும். அதில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஆங்கில எழுத்து ‘ஈ’, பக்கத்தில் ஒரு எண். அனுமதி கொடுத்த நாட்டின் எண் அது: 1 என்றால் ஜெர்மனி, 4 என்றால் நெதர்லாந்து. அந்த ஒட்டுத்தாள் இல்லாத சீட் எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

ஒட்டுத்தாளில் ஆர் 44 என்றோ ஆர் 129 என்றோ போட்டிருக்கும். இரண்டும் ஐக்கிய நாடுகள் வகுத்த தர விதிகள். ஆர் 44 பழையது, எடையை வைத்துப் பிரிப்பது: 0+ வகை 13 கிலோ வரை, 1-ஆம் வகை 9 முதல் 18 கிலோ வரை, அப்புறம் 2, 3 என்று 36 கிலோ வரை போகும். ஆர் 129 புதியது, 2013-இல் நடைமுறைக்கு வந்தது. ஐ-சைஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அது இதில் வருவதுதான். இது பிள்ளையின் உயரத்தை வைத்துப் பிரிக்கிறது, பக்கவாட்டு மோதலையும் சோதிக்கிறது. 15 மாதம் ஆகும்வரை பிள்ளையை முன்னோக்கித் திருப்பவும் விடாது. கையில் காசு இருந்தால் ஆர் 129 வாங்குங்கள். இல்லையென்றால் ஒழுங்காக மாட்டிய ஆர் 44, ஏனோதானோவென்று மாட்டிய ஆர் 129-ஐவிட எவ்வளவோ மேல்.

"பிறந்தது முதல் 12 வயது வரை ஒரே சீட்" என்று விற்பதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். நாலு வேலை செய்யும் சாமான் ஒரு வேலையையும் முழுசாகச் செய்யாது என்று தாத்தா சொல்வார். அனுமதி பெற்ற சீட் என்றால் ஏமாற்று வேலை இல்லைதான். ஆனால் பிறந்த குழந்தையை அதில் படுக்கவைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். பல சீட்டுகளில் பச்சைக்குழந்தை கிணற்றில் போட்ட தேங்காய்போல உள்ளே போய்விடும்.

இன்னொன்று: காரையும் கடைக்குக் கொண்டுபோங்கள். வாங்குவதற்கு முன் உங்கள் காரில் வைத்து மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சில பழைய கார்களில் பெல்ட்டின் நீளம் சீட்டைச் சுற்றிவரப் போதாது. சிலவற்றில் பெல்ட் பூட்டின் தண்டு நீளமாக இருந்து சீட்டின் ஓரத்தில் மடங்கி நிற்கும். அப்படி நின்றால் மோதும்போது பூட்டு உடையலாம். இதெல்லாம் அட்டைப்பெட்டியில் எழுதியிருக்காது.

பின்னோக்கி உட்காரவைத்தால் பிள்ளை அழுகிறது, காலும் மடங்குகிறது. எப்போது முன்னோக்கித் திருப்பலாம்?

என்னிடம் அதிகம் வந்த கேள்வி இதுதான். ஒன்பது மாதத்திலேயே திருப்பிவிட்டு "அவன் வேடிக்கை பார்க்க ஆசைப்படுகிறான்" என்பார்கள்.

குழந்தை பிறக்கும்போது அதன் தலை உடல் நீளத்தில் நாலில் ஒரு பங்கு. நமக்கு எட்டில் ஒரு பங்கு. அவ்வளவு கனமான தலையைத் தாங்கும் கழுத்தெலும்பு இன்னும் முழு எலும்பாகவே ஆகவில்லை, பாதி குருத்தெலும்பு. முன்னோக்கி உட்கார்ந்த பிள்ளை மோதலில் சிக்கினால் சீட்டின் வார் உடலைப் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னால் பறக்கும். கழுத்துதான் அந்த இழுப்பை வாங்கும். பின்னோக்கி உட்கார்ந்திருந்தால் தலை, கழுத்து, முதுகு எல்லாம் ஒன்றாகச் சீட்டின் பிளாஸ்டிக் ஓட்டில் அழுந்தும். அடி ஒரே இடத்தில் விழாமல் முதுகு முழுக்கப் பரவும்.

இதை முதலில் செய்து பார்த்தவர்கள் சுவீடன்காரர்கள். பெர்டில் ஆல்ட்மன் என்ற பேராசிரியர் 1960-களில் விண்வெளி வீரர்கள் புறப்படும்போது முதுகைச் சாய்த்துப் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்கும் அதே மாதிரி செய்தால் என்ன என்று யோசித்தார். அங்கே நாலு வயது வரைகூடப் பின்னோக்கி வைப்பது சாதாரணம்.

ஆகவே பதில்: சீட்டின் எடை அல்லது உயர வரம்பு முடியும்வரை பின்னோக்கி. கால் மடங்குவது குறையல்ல. பிள்ளைகள் வீட்டிலும் சம்மணம் போட்டுத்தானே உட்காருகிறார்கள்? கால் இடிக்கிறது என்று சீட்டை மாற்ற வேண்டாம். தலையைப் பாருங்கள். தலை உச்சி ஓட்டின் மேல்விளிம்பை நெருங்கினால்தான் அந்தச் சீட் சிறிதாகிவிட்டது என்று அர்த்தம். எத்தனை விரல் இடைவெளி வேண்டும் என்று கையேட்டில் இருக்கும்.

முன் சீட்டில் வைக்கலாமா?

ஏர்பேக் இருந்தால் பின்னோக்கிய சீட்டை அங்கே வைக்கவே கூடாது. ஏர்பேக் வெடித்து விரியும் இடத்தில்தான் குழந்தையின் தலைக்குப் பின்னால் இருக்கும் ஓடு இருக்கிறது. தாத்தாவின் பழைய ஒற்றை கேபின் பாக்கியில் (பின்னால் திறந்த தொட்டி உள்ள பிக்கப் வண்டியில்) பின்சீட்டே கிடையாது, என்ன செய்வது என்பார்கள். அதில் பயணிப் பக்கம் ஏர்பேக் இல்லை என்றாலோ, சாவியால் அணைத்துவைக்க முடியும் என்றாலோ மாட்டலாம். இல்லையென்றால் அந்த பாக்கியில் பிள்ளை போகக்கூடாது.

பாக்கியின் பின்தொட்டியில் பிள்ளைகளை உட்காரவைப்பது பற்றி நான் சொல்லி யாரும் கேட்டதில்லை. காசு வாங்கிக்கொண்டு பள்ளிப்பிள்ளைகளைத் தொட்டியில் ஏற்றுவது 2017 மே மாதத்திலிருந்து சட்டவிரோதம் என்பதையாவது சொல்லிவைக்கிறேன்.

பின்சீட்டில் எந்தப் பக்கம் நல்லது?

நடு இடம் பக்கவாட்டு மோதலிலிருந்து தள்ளி இருக்கிறது. ஆனால் பல கார்களில் நடுவில் இடுப்புக்கு மட்டுமே பெல்ட் இருக்கும், ஐசோஃபிக்ஸும் (சீட்டை நேராகக் காரோடு பூட்டும் இரும்பு வளையங்கள்) இருக்காது. அங்கே உறுதியாக மாட்ட முடியாவிட்டால் இடப்பக்கம். நம் ஊரில் இடப்பக்கமாக ஓட்டுகிறோம், அதனால் நடைபாதை ஓரம் நின்று பிள்ளையை ஏற்றி இறக்கலாம். போக்குவரத்துக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டியதில்லை.

கார் பெல்ட்டை வைத்துச் சீட்டை எப்படி இறுக்கமாக மாட்டுவது?

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மூத்தவள் பிறந்தபோது சீட் வாங்கிய கடையிலேயே ஒரு பையன் மாட்டிக்கொடுத்தான். கடைப்பெயர் வேண்டாம். நாலு மாதம் அப்படியே ஓட்டினேன். ஒருநாள் ரோபாட்டில் (போக்குவரத்து விளக்கில்) சட்டென்று பிரேக் போட்டபோது சீட் முழுவதும் பக்கவாட்டில் சாய்ந்தது. வண்டியை ஓரம்கட்டிப் பார்த்தால், பெல்ட் சிவப்புக் கொக்கிகள் வழியாகப் போயிருந்தது. நீலக் கொக்கிகள் காலியாக இருந்தன. அந்த வகைச் சீட்டில் பின்னோக்கி மாட்ட நீலம், முன்னோக்கி மாட்ட சிவப்பு. கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் படம் போட்டே இருந்தது. கையேடு பிரிக்கப்படாமல் பெட்டியில் கிடந்தது. அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். என்மேல் அதைவிடக் கோபம்.

சரி, மாட்டும் விதம். சீட்டை இடத்தில் வைத்து, பெல்ட்டைச் சரியான நிறக் கொக்கிகள் வழியாக விட்டுப் பூட்டுங்கள். பெல்ட் எங்கும் முறுக்கிக்கொள்ளக்கூடாது. அப்புறம் ஒரு கையால் சீட்டை, மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில், இருக்கை மெத்தைக்குள் பலமாக அழுத்துங்கள். பெரிய சீட் என்றால் முழங்காலையே ஊன்றி அழுத்தலாம். அழுத்தியபடியே மற்ற கையால் இடுப்புப் பெல்ட்டின் தளர்வைத் தோள்பெல்ட்டுக்கு இழுத்து, தோள்பெல்ட்டை மேல்நோக்கி இழுங்கள். பூட்டும் கிளிப் இருந்தால் அதை இப்போது மூடுங்கள். டர்பன் புழுக்கத்தில் இதைச் செய்து முடித்தால் சட்டை நனைந்திருக்க வேண்டும். நனையவில்லை என்றால் இன்னொரு தடவை இழுங்கள்.

சோதிக்கும்போது சீட்டின் உச்சியைப் பிடித்து ஆட்டாதீர்கள், அது கொஞ்சம் ஆடத்தான் செய்யும். பெல்ட் போகும் இடத்தைப் பிடித்து ஆட்டுங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் நகர்ந்தால் திரும்பவும் முதலிலிருந்து. பச்சைக்குழந்தையின் சீட் என்றால் சாய்வையும் பாருங்கள்: நிமிர்ந்து இருந்தால் தலை முன்னால் கவிழ்ந்து மூச்சுக்குழாய் அடைபடும். பல சீட்டுகளில் சாய்வைக் காட்டும் கோடோ குமிழோ பக்கத்திலேயே இருக்கும்.

ஐசோஃபிக்ஸ் என்றால் இந்தப் பாடெல்லாம் வேண்டாமே?

பாதி உண்மை. பின்சீட்டில் முதுகும் இருக்கையும் சேரும் மடிப்பில் கைவிட்டுப் பாருங்கள். 28 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு இரும்பு வளையங்கள் தட்டுப்பட்டால் உங்கள் காரில் ஐசோஃபிக்ஸ் இருக்கிறது. சிட்டி கோல்ஃப் காலத்துப் பழைய கார்களில் தேட வேண்டாம். சீட்டின் கொக்கிகள் இரண்டும் "டக்" என்று விழுந்து, காட்டி பச்சையாக மாற வேண்டும். ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் சிவப்பு என்று ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மாமாவைப் பார்த்தேன். "ஒண்ணு போதும்னு நெனச்சேன்மா" என்றார்.

வளையங்கள் மட்டும் போதாது. சீட் முன்னால் கவிழாமல் இருக்க மூன்றாவது பிடி வேண்டும். அது தரையில் ஊன்றும் காலாக இருக்கலாம், பின்னால் கட்டும் மேல்வாராக இருக்கலாம். ஊன்றுகால் தரையில் உறுதியாக நிற்க வேண்டும். அந்த இடத்தில் தரைக்கு அடியில் சாமான் வைக்கும் பெட்டி இருந்தால் மூடி உடையும். கார் கையேட்டைப் பாருங்கள். மேல்வாரை நங்கூரப் படம் போட்ட கொக்கியில்தான் மாட்ட வேண்டும். காரின் பின்பெட்டிக்குள் பை மாட்டும் கொக்கியும் அதுபோலவே தெரியும், ஆனால் அது கத்திரிக்காய்ப் பையைத்தான் தாங்கும். இரட்டை கேபின் பாக்கிகளில் மேல்வார் இடம் பெரும்பாலும் சீட் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், முதுகைச் சாய்த்துத் தேட வேண்டும்.

வாரை எவ்வளவு இறுக்குவது? பிள்ளைக்கு வலிக்காதா?

காறை எலும்புக்கு மேலே வாரை விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலில் அகப்பட்டால் தளர்வு, வழுக்கிக்கொண்டு போனால் சரி. பின்னோக்கி உட்காரும் பிள்ளைக்கு வார் தோளின் மட்டத்திலோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும், முன்னோக்கி உட்காருபவனுக்குத் தோள் மட்டத்திலோ சற்று மேலிருந்தோ.

தடிமனான ஜாக்கெட், போர்வை எல்லாம் வாருக்கு மேலேதான். ஜூலை மாதம் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் காலையில் நல்ல குளிர். பிள்ளைக்குப் பஞ்சு ஜாக்கெட் போட்டு அதன்மேல் வாரை இறுக்கினால், மோதும்போது பஞ்சு அமுங்கி வார் தொளதொளத்துவிடும். சந்தேகம் இருந்தால் ஜாக்கெட்டோடு இறுக்கிவிட்டு, வாரைத் தொடாமல் பிள்ளையை வெளியே எடுத்து, ஜாக்கெட்டைக் கழற்றி, திரும்ப உட்காரவையுங்கள். எவ்வளவு தளர்வு என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். எங்கள் வீட்டில் என் கணவர் நம்பியது இதைப் பார்த்த பிறகுதான்.

சொந்தக்காரர் வீட்டுப் பழைய சீட்டை வாங்கிக்கொள்ளலாமா?

அதன் வரலாறு முழுக்கத் தெரிந்தால் மட்டும். பெரிய மோதலில் சிக்கிய சீட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே விரிசல் விட்டிருக்கலாம். பிளாஸ்டிக்குக்கும் ஆயுள் உண்டு. எத்தனை வருடம் என்பது தயாரிப்பாளர் சொல்வது. அடிப்பக்கத்தில் கடிகார முகம்போல அச்சிட்ட சின்ன வட்டம் செய்த மாதத்தையும் வருடத்தையும் காட்டும். கையேடு இல்லாத சீட், ஒட்டுத்தாள் கிழிந்த சீட், தெரியாதவர் இணையத்தில் விற்கும் சீட் வேண்டாம்.

வாங்க வசதி இல்லாதவர்களுக்கு: வீல் வெல் என்ற தொண்டு அமைப்பு ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறது. மக்கள் கொடுக்கும் பழைய சீட்டுகளைப் பரிசோதித்துச் சுத்தம் செய்து, தேவைப்பட்ட குடும்பங்களுக்குக் கொடுக்கிறார்கள். உங்கள் வீட்டுக் கராஜில் தூசி படிந்து கிடப்பதை அங்கே கொடுக்கலாம்.

ஜோகன்னஸ்பர்க் வரை ஓட்டிப் போகிறோம். குழந்தை முழு வழியும் சீட்டிலேயே தூங்கலாமா?

கூடாது. என்3 நெடுஞ்சாலையில் ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், ஆறு மணி நேரமாவது ஆகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நிறுத்தி, பிள்ளையை வெளியே எடுத்து, தட்டையாகப் படுக்கவையுங்கள். மூய் ரிவர், ஹாரிஸ்மித் என்று நிறுத்தங்கள் உண்டு. பிறந்து சில வாரமே ஆன குழந்தையை அரை மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் சீட்டில் வைக்காமல் இருப்பது நல்லது. அவசரம் இல்லாவிட்டால் அந்தப் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். குறைமாதக் குழந்தை என்றால் வீட்டுக்குக் கூட்டி வரும்முன் டாக்டரிடம் சீட்டைப் பற்றிக் கேளுங்கள். வீடு வந்த பிறகும் "தூங்குகிறது, எழுப்ப வேண்டாம்" என்று சீட்டோடு ஹாலில் விட்டுவிடக் கூடாது.

பெட்ரோல் போடும் நேரம் மட்டும் காரில் விடலாமா?

வேண்டாம். வெயிலில் மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் வெப்பம் 10 டிகிரி ஏறும். பிப்ரவரியில் டர்பனில் அது எங்கே போய் நிற்கும் என்று யோசியுங்கள். நிறுத்திவிட்டுப் போகும்போது காலிச் சீட்டின்மேல் வெள்ளைத் துணி போடுங்கள். இல்லாவிட்டால் பூட்டின் இரும்பு பிள்ளையின் தொடையில் சூடு வைக்கும்.

ஈஸ்டருக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலுக்குக் குடும்பமே ஒரே காரில் போவோம். சீட்டை அன்று ஒருநாள் எடுத்து வைக்கலாமா?

பெரியம்மாவுக்கும் அத்தைக்கும் இடம் வேண்டும், பால்குடத்துக்கும் இடம் வேண்டும். புரிகிறது. ஆனால் ஈஸ்டரும் டிசம்பரும்தான் நம் சாலைகளில் சாவு அதிகம் விழும் நாட்கள். இரண்டு நடை ஓட்டுங்கள். பெரியவர்களில் ஒருவர் பின்னால் வரும் மச்சான் காரில் ஏறட்டும்.

மகனுக்கு ஐந்து வயது. இனி சீட் வேண்டாம்தானே?

வேண்டும். கார் பெல்ட் பெரியவர்களின் உடலுக்குச் செய்தது. ஒன்றரை மீட்டர் உயரம் வரும்வரை பூஸ்டர், அதாவது பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் சீட். இடுப்புப் பெல்ட் தொடையின் மேல் படிய வேண்டும், வயிற்றின் மேல் அல்ல. லிஃப்ட் கிளப்பில் (பல வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து போகும் காரில்) போகிறவனுக்கு அந்தக் காருக்கும் ஒன்று கொடுத்து அனுப்புங்கள்.

மோதல் நடந்துவிட்டால்?

சீட்டை மாற்றுங்கள். பிள்ளை அதில் இல்லாதபோது மோதினாலும் கையேடு என்ன சொல்கிறது என்று பாருங்கள். காருக்கு இன்சூரன்ஸ் கேட்கும்போது சீட்டையும் பட்டியலில் சேர்த்துக் கேளுங்கள், பலர் மறந்துவிடுகிறார்கள்.

பூட்டு "டக்" என்று விழுவதில்லை. எண்ணெய் விடலாமா?

எண்ணெய் கூடாது, சோப்புத்தூளும் கூடாது. பூட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசிக் காயவைக்கலாமா என்று கையேடு சொல்லும். வாரை வாஷிங் மெஷினில் போடாதீர்கள், நூலின் பலம் போய்விடும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். எண்ணெயைத் தேடுவதற்கு முன் சீட்டைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்துத் தட்டிப் பாருங்கள். எங்கள் சின்னவள் சீட்டின் பூட்டு ஒரு தீபாவளிக்குப் பிறகு விழாமல் நின்றது. தட்டினதும் உள்ளேயிருந்து ஓமப்பொடி, இரண்டு வேர்க்கடலை, ஒரு இருபது சென்ட் நாணயம் எல்லாம் கொட்டின. அதற்கப்புறம் "டக்" என்று விழுந்தது.